ஆளில்லாத மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டுங்கள்

தோப்புக்குள் ஒரு விருந்தினர் விடுதி கட்டப்போகிறேன், மண், ஓலை, மரம், சுண்ணாம்பு தவிர வேறெதுவும் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் எழும்: விருந்தினர் வராத மாதங்களில் அந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இப்போது கட்டி நாலைந்து வருஷம்கூட ஆகாத ‘இயற்கை’ விடுதிகளுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் மண்வீடு தலைமுறை தாண்டி நின்றதற்கு மண் மட்டும் காரணமில்லை. தினமும் அடுப்பு எரிந்தது. புகை மேலே ஏறி ஓலையும் மூங்கிலும் பூச்சி அரிக்காமல் காத்தது. வாரம் தவறாமல் தரையைச் சாணமிட்டு மெழுகியதால் விரிசல் மயிரிழையாக இருக்கும்போதே அடைபட்டது. பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கரையான் மண் எடுத்தால் விடிவதற்குள் யார் கண்ணிலாவது பட்டுவிடும். விடுதியில் இதெல்லாம் நடப்பதில்லை. சமையல் தனிக் கட்டடத்தில், கேஸ் அடுப்பில். சனி, ஞாயிறு ஆள் இருக்கும், மற்ற நாள் பூட்டு. மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் விடுதிகளும் உண்டு. பூட்டிய வீட்டில் ஓலை இற்றுப்போவதும் மரத்தில் கரையான் ஏறுவதும் யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிற ஊர் என்று நான் எல்லோரிடமும் சொல்வது குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பன்னிப் புல்வெளியில் இருக்கும் ஹோட்கா. அங்கே ‘ஷாம்-இ-சர்ஹத்’ என்ற விடுதியை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். மத்திய அரசின் சுற்றுலாத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கைகொடுத்த கிராமச் சுற்றுலாத் திட்டத்தில் உருவானது. விருந்தினர் தங்குவதற்கு, அந்த வட்டாரத்து மக்கள் வாழும் அதே ‘புங்கா’ வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். வட்டமான மண்சுவர், அதன்மேல் கூம்பாக ஒரு புல்கூரை.

2001 ஜனவரி 26 காலையில் கட்சை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.7. புஜ் நகரில் கான்கிரீட் கட்டடங்களும் கல் வீடுகளும் சரிந்தபோது, ஒழுங்காகக் கட்டிப் பராமரித்த புங்காக்கள் பெரும்பாலும் நின்றன. சதுர வீட்டில் முதலில் பிளப்பது மூலை. அங்கே சேரும் இரண்டு சுவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. எந்தத் திசையிலிருந்து உலுக்கினாலும் சுவர் முழுவதும் சேர்ந்து தாங்கும். ஒரு வாசல், இரண்டொரு சின்னச் சன்னல் மட்டும் இருப்பதால் சுவரின் பலம் குறைவதில்லை. மேலே இருப்பது புல்தான், பாரமில்லை. வெயிலிலும் இந்தக் கட்டுமானம் கைவிடாது. கனமான மண்சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் சுவரின் பூச்சு. களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து பெண்கள் விரலாலேயே சுவரில் கோடு இழுத்துப் புடைப்பாக வரைகிறார்கள். ஈரம் காய்வதற்குள் சின்னக் கண்ணாடித் துண்டுகளை அதில் பதிக்கிறார்கள். லிப்பன் என்று பெயர். உதிர்ந்தால் மறுபடி பூசத்தான் வேண்டும். சொந்த வீட்டுக்கு அதைச் செய்து பழகிய கைகள் ஊரிலேயே இருப்பதால், விடுதிச் சுவருக்கு வெளியூரில் ஆள் தேட வேண்டியதில்லை. கூலியும் ஊரை விட்டுப் போவதில்லை. கூரைக்குத்தான் கவலை. நம் ராமநாதபுரத்தைப் போலவே பன்னியிலும் சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. புல் இருந்தால்தானே கூரை!

நம் பக்கத்துக்கு வருகிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு பண்ணை விடுதி. செம்மண்ணைக் குழைத்துப் படை படையாக வைத்து எழுப்பிய அருமையான சுவர். அடிக்கடி பூச வேண்டாமே என்று மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். நான் போனபோது பூச்சு வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கூட வந்த கொத்தனார் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

“உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாமத் தவிக்குதுக்கா. பேத்து எடுத்தாத்தான் செவுரு பொழைக்கும்.”

“எவ்வளவு தூரம் எடுக்கணும்ண்ணே?”

“பூராவும்தான்.”

பெயர்த்தபோது சிமெண்டோடு மண்ணும் பாளம் பாளமாக வந்தது. மண்சுவருக்கு மண்பூச்சு, இல்லையென்றால் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டும் ஈரத்தை வெளியே விடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பைப் பதமாகப் பூசத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தேடிப் பிடித்து, கேட்கிற கூலியைக் கொடுங்கள்.

அடுத்த வம்பு குளியலறை. பழைய மண்வீடுகளில் குளிப்பது வெளியே, கிணற்றடியில். விருந்தினருக்கோ அறையோடு சேர்ந்து வேண்டும், அது நியாயமும்கூட. அதற்காக மண்சுவருக்குள் தண்ணீர்க் குழாயைப் புதைக்காதீர்கள். கசிவு வெளியே தெரிவதற்குள் சுவரின் அடி கரைந்திருக்கும். குளியலறையைக் கல்லும் சுண்ணாம்புமாகத் தனியே கட்டி, நாலடி நடையால் அறையோடு இணைத்துவிடலாம். குழாய் கண்ணுக்குத் தெரியும்படி வெளியில் ஓடட்டும். மண்சுவர் தரையிலிருந்தே தொடங்கவும் கூடாது. ஒன்றரை, இரண்டு அடிக்குக் கல் கட்டு, அதன்மேல் மண். கூரை இறவாணம் இரண்டரை அடியாவது வெளியே நீண்டால் சாரல் சுவரில் அடிக்காது.

ஓலையா ஓடா என்று கேட்பவர்களிடம் நான் பூட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். வருஷம் முழுக்க ஆள் புழங்கும் இடம் என்றால் கீற்று வேயலாம், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் தயாராக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் என்றால் வைரம் பாய்ந்த பனஞ்சட்டமும் நாட்டு ஓடும் போடுங்கள். திண்ணையைப் பெரிதாக வையுங்கள். அங்கே பகலில் யாராவது உட்கார்ந்திருந்தாலே பாதிப் பழுது கண்ணில் பட்டுவிடும்.

எஸ்டிமேட் போடும்போதே வருஷப் பராமரிப்புக்கு ஒரு தொகையும், பூசி மெழுக உள்ளூரில் இரண்டு பேருக்கு மாதச் சம்பளமும் எழுதிவையுங்கள். சுவர் எழுப்பிய அதே மண்ணில் ஒரு டிராக்டர் லோடு மிச்சம் பிடித்து, நனையாமல் கொட்டகையில் போட்டுவையுங்கள். வேறு மண்ணில் ஒட்டுப் போட்டால் நிறமும் சேராது, பிடிப்பும் சேராது. பின்பக்கம் ஒரு சின்னத் தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு எப்போதும் தண்ணீருக்கடியில் கிடக்கட்டும். நாள்பட ஊறினால் அதன் பதம் கூடத்தான் செய்யும்.