விரல் படும் முன்பே அறியும் சட்டகம்

துணிக்கடையிலும் விமான நிலையத்திலும் ஆளுயரத்துக்கு நிற்கும் தொடுதிரையைக் கைப்பேசியின் பெரிய வடிவம் என்றே பலரும் நினைக்கிறோம். பல திரைகளில் உள்ளே நடப்பது வேறு.

கைப்பேசிக் கண்ணாடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி இழைகள் வலைபோல் ஓடுகின்றன. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கியதும் அந்த இடத்தின் மின்தேக்கம் மாறுகிறது. பெரிய திரைகள் பலவற்றிலோ கண்ணாடிக்கு இந்த வேலையே இல்லை. உணர்வது சுற்றியுள்ள சட்டகம். அதன் இரு பக்கங்களிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணாடியை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. எதிர்ப்பக்க உணரிகள் அவற்றை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கதிர்கள் மறைபட்டன என்று பார்த்தால் விரல் இருக்குமிடம் தெரிந்துவிடும். கையுறையோ பேனாவோ எதுவானாலும் சரி. தூசியும் நேர்வெயிலும்தான் இதற்கு எதிரிகள். 1972-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பின் முனையங்களில் வந்ததும் இதே உத்திதான். அதில் 16-க்கு 16 கட்டங்களே இருந்தன.

கடையில் இத்தகைய திரையின் முன் வாடிக்கையாளர் பயிற்சி எதுவும் இல்லாமல் வந்து நிற்கிறார், பின்னால் வரிசை. தொட்ட 0.1 விநாடிக்குள் பொத்தான் நிறம் மாறினால், உடனே நடந்ததாக மனம் ஏற்கிறது. தாமதித்தால் மறுபடி அழுத்துவார். ஒரு தேநீர் கேட்டவர் கணக்கில் இரண்டு ஏறும்.

இந்தக் கருவியை மிக அழகாகப் பயன்படுத்திய இடமாக நான் கருதுவது அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம். 2013-ல் அங்கே 40 அடி நீளத் தொடுதிரைச் சுவர் ஒன்றை அமைத்தார்கள். காட்சிக்கூடங்களில் உள்ள 4,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களின் படங்கள் அதில் ஓடின. ஒன்றைத் தொட்டால் படம் பெரிதாகி, அதோடு தொடர்புடையவையும் வந்து சேரும். பிடித்ததைக் குறித்துத் தம் கைக்கருவியில் ஏற்றிக்கொண்டு, அசலைத் தேடிப் போகலாம். திரை ஆளைத் தன்னிடமே நிறுத்தாமல் பொருளிடம் அனுப்பி வைக்கிறது. பெரிய கடைகள் இதைத்தான் பின்பற்ற வேண்டும். விளம்பரம் ஓட்டுவதற்குத் தொடுதிரை தேவையே இல்லை.

திரையை மாட்டும் உயரத்தையும் பலர் கவனிப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்ட, தொட வேண்டிய பகுதி தரையிலிருந்து 48 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது அமெரிக்க விதி. பார்வையற்றவருக்கோ வழவழப்பான கண்ணாடியில் தடவி அறிய எதுவும் இல்லை. அவருக்காக, காதொலிக் கருவி செருகும் துளையும் புடைத்த பொத்தான்களும் திரைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.