ஹாரியரின் மூக்கில் ஒரு காற்றுகாட்டி

போர் மூண்டதும் எதிரியின் முதல் குண்டுகள் விமானத்தள ஓடுபாதையின் மீதே விழும் என்ற அச்சம், ஓடுபாதையே வேண்டாத ஒரு தரைத்தாக்குதல் விமானத்தைத் தேட பிரிட்டனைத் தூண்டியது. பிரெஞ்சுப் பொறியாளர் மிஷேல் விபோவின் கருத்தைப் பிரிஸ்டல் நிறுவனத்தார் பெகாசஸ் என்னும் எஞ்சினாக வளர்த்தெடுக்க, அதைச் சுற்றி ஹாக்கர் நிறுவனம் அமைத்த பி.1127 என்ற சோதனை விமானம், 1960 அக்டோபரில் கயிற்றால் பிணைக்கப்பட்ட நிலையில் முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியது. அதன் வழிவந்த ஹாரியர் 1969இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது.

பிரான்சின் செங்குத்துப் பறப்பு மிராஜ், மேலெழுவதற்கென்றே எட்டுத் தனி எஞ்சின்களைச் சுமந்து, பறக்கும் நேரமெல்லாம் அவற்றைப் பாரமாக இழுத்துச் சென்றது. ஹாரியருக்கோ ஒரே எஞ்சின்தான். அதன் விசிறி தள்ளும் காற்று முன்பக்கத்து இரு பீய்ச்சுகுழல்கள் வழியாகவும், எரிந்த சூடான வாயு பின்பக்கத்து இரண்டின் வழியாகவும் வெளியேற, நான்கையும் ஒருசேரக் கீழ்நோக்கித் திருப்பினால் விமானம் எழும். பின்னோக்கித் திருப்பினால் முன்னே பாயும். அவற்றைத் திருப்புபவை மிதிவண்டியில் உள்ளவை போன்ற சங்கிலிகள். விமானிக்கு இதற்கெனக் கூடுதலாகத் தரப்பட்டது ஒரே ஒரு நெம்புகோல்.

இத்தனை நுட்பத்துக்கும் நடுவே, விமானியின் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல், காற்றில் தானே சுழலும் சிறு தகடு ஒன்று நிற்பது வியப்புக்குரியது. வேகமாகப் பறக்கையில் வால்துடுப்பு மூக்கைக் காற்றின் திசைக்கு நேராக வைத்திருக்கும்; அந்தரத்தில் நிற்கையில் அது செயலற்றுப்போக, எடைமையத்துக்கு முன்னால் உள்ள அகன்ற காற்றுவாய்கள் பக்கவாட்டுக் காற்றை உள்ளிழுத்துத் திருப்பும் விசை, மூக்கை மேலும் விலக்கும். விலகல் மிகுந்தால் காற்றுப்பக்கச் சிறகு உயர்ந்து விமானம் உருளத் தொடங்கும்; எஞ்சினிலிருந்து பிரித்தெடுத்த காற்றைச் சிறகுநுனிகளில் பீய்ச்சிச் சமநிலை காக்கும் சிறுதுளைகளால் அதைத் தடுக்க முடியாது; நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தகடு ஒருபுறம் திரும்பியதும் கால்மிதியை அழுத்தி அதை நேராக்குவது ஹாரியர் விமானிகளின் உயிர்காக்கும் பழக்கமாயிற்று. பின்னர் வந்த அமெரிக்க ஏவி-8பி வகையிலும் அத்தகடு நீக்கப்படவில்லை.

முழு ஆயுதச் சுமையோடு ஹாரியர் செங்குத்தாக எழ இயலாது என்பதைக் காட்டி, அதை வான்காட்சிக்குரிய வேடிக்கைப் பொருள் என்று இகழ்ந்தவர்கள் அதன் நோக்கத்தைக் கவனியாதவர்கள். சற்றே ஓடி எழுந்து, சுமை குறைந்தபின் செங்குத்தாக இறங்குவதே அதன் வழக்கம். மேற்கு ஜெர்மனியின் காட்டு ஓரங்களில் மறைந்திருந்து செயல்படப் பிரிட்டிஷ் படையணிகள் பயின்றதும் இவ்வாறே. இந்தியக் கடற்படையும் 1983 முதல் 2016 வரை கடல்வகை ஹாரியர்களைக் கப்பல்களிலிருந்து இயக்கியது. பிரிட்டனோ சிக்கனத்தின் பெயரால் 2010 டிசம்பரில் தன் ஹாரியர்கள் அனைத்தையும் ஓய்வுபெறச் செய்து, அடுத்த ஆண்டில் 72 விமானங்களை அமெரிக்காவுக்கு, பெரிதும் உதிரிபாகங்களுக்காக, விற்றுவிட்டது. அவ்விடத்துக்கு வந்த எஃப்-35பி, சமநிலைப் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்திருப்பது முன்னேற்றமே. ஆனால் விமானியின் முதுகுக்குப் பின்னால், எழுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும் பயன்படும் பெரிய விசிறி ஒன்றை அது பறக்கும் நேரமெல்லாம் சுமக்கிறது.