மலைப்பாதையில் கலப்பினக் கார்: எண்ணெய்ச் செலவு உண்மையில் எவ்வளவு?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையின் வளைவுகளை அறியாத தோட்டத்து மக்கள் இலர். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைக் கடந்து கியா பார்மை அடையும்போது, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரமும் சுமார் 1,500 மீட்டர் உயரமும் ஏறியிருப்போம். காய்கறிச் சந்தைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் செல்லும் இந்தப் பாதையில், பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் கார்கள் இப்போது காணப்படுகின்றன. வீட்டு மின்சாரத்தைச் செருகி ஏற்றிக்கொள்ளும் இவ்வகைக் காரை 'பிளக்-இன் ஹைப்ரிட்' என்கின்றனர். செருகு கலப்பினக் கார் என்று நாம் இதனைக் குறிப்பிடலாம்.

"நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போதும்" என்று விளம்பரத்தாளில் கண்டு, பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துப் பழைய கலப்பினக் கார் ஒன்றை வாங்க எண்ணும் குடும்பங்கள் உண்டு. அந்த இரண்டு லிட்டர் கணக்கு நம் மலைப்பாதையில் நிற்குமா என்பதை முன்னரே ஆராய்ந்து பார்ப்பது நன்று.

இரு உயிர் கொண்ட வண்டி

இக்காரில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றும், மின்மோட்டாரும், பேட்டரியும் இருக்கின்றன. பேட்டரியில் மின்சாரம் உள்ளவரை மோட்டார் காரை இழுக்கும். அது தீர்ந்தபின் இயந்திரம் பொறுப்பேற்கும். சாதாரணக் கலப்பினக் காருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதன் பேட்டரி பெரியது என்பதும், சுவரில் செருகி அதனை நிரப்பலாம் என்பதுமாகும்.

தொழிற்சாலை கூறும் எண்ணிக்கை ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்படுவது. பேட்டரி நிறைந்த நிலையில் ஒரு கணக்கும், தீர்ந்த நிலையில் மற்றொரு கணக்கும் எடுப்பர். பின்னர், பயணத்தில் இத்தனை பங்கு மின்சாரத்தில்தான் நிகழும் என்று ஓர் அனுமானம் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சராசரி காண்பர். அந்த அனுமானம் பொய்த்தால் சராசரியும் பொய்த்துவிடும்.

அது எவ்வளவு பொய்த்தது என்பதை ஐரோப்பா அறிந்துகொண்டது. 2021ஆம் ஆண்டில் பதிவான கார்கள் தாமே பதிந்து வைத்த எரிபொருள் கணக்கைத் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. சாதாரணக் கார்கள் ஆய்வுக்கூடக் கணக்கைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதியாகக் கரியமில வாயுவை வெளியிட்டன. செருகு கலப்பினக் கார்களோ சராசரியாக 3.5 மடங்கு வெளியிட்டன. 2022இல் வெளிவந்த மற்றோர் ஐரோப்பிய ஆய்வின்படி, தனியார் கார்கள் நூறு கிலோமீட்டருக்கு 4 லிட்டருக்கு மேலும், நிறுவனங்கள் ஊழியருக்கு அளித்த கார்கள் 8 லிட்டர் அளவிலும் பெட்ரோல் குடித்தன. பெட்ரோலுக்கு நிறுவனம் பணம் செலுத்தும்போது, செருகி மின்னேற்றும் அக்கறை குன்றிவிடுகிறது. ஆகவே காரின் சிக்கனம் பெரிதும் செருகும் கையைப் பொறுத்தே அமைகிறது.

ஏற்றத்தின் கணக்கு

பயணிகளோடு சேர்த்து 1,800 கிலோகிராம் எடையுள்ள காரை 1,500 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 7 யூனிட் ஆற்றல் வேண்டும். சக்கரத்தின் உராய்வையும் காற்றின் தடையையும் வெல்ல இன்னும் 4 யூனிட் வேண்டும். ஆக மொத்தம் 11 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. மோட்டாரிலும் கம்பிகளிலும் ஏற்படும் இழப்பையும் கூட்டினால், 12 யூனிட் கொள்ளும் பேட்டரியொன்று தாப்பாவில் நிறைந்திருந்தாலும், கியா பார்மை அடையுமுன் தீர்ந்துவிடும். சமவெளியில் 50 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லப்பட்ட வண்டி, மலையில் அவ்வளவு ஓடாமைக்குக் காரணம் இதுவே.

பேட்டரி காலியான நிலையில் மலையேறினால் இயந்திரமே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருந்தாலும், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது. ஆகையால் இந்த ஒரு ஏற்றத்திற்கே ஏறத்தாழ 4 லிட்டர் செலவாகும். பயன்படாத பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

இறக்கத்தின் வரவு

கேமரன் மலை நீரை நினைத்துப் பாருங்கள். ரிங்லெட்டில் 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கும் நீர், மலையினூடே சென்று தாழ்விலுள்ள மின்நிலையத்தில் விழுந்து மின்சாரமாகிறது. உயரத்தில் இருப்பதே ஒரு சேமிப்பு. மலையிலிருந்து இறங்கும் கலப்பினக் காரும் இவ்வாறே செய்கிறது. பிரேக்கில் வெப்பமாக வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்புகிறது.

ஏறுகையில் சேர்ந்த 7 யூனிட்டில், இறங்கும் வழியின் உராய்வும் காற்றும் 4 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சும் 3 யூனிட்டில் இழப்புப் போக இரண்டு யூனிட் அளவு பேட்டரியில் சேரலாம். சமவெளியில் அது சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் போதும். பெரிய வரவு அன்று. எனினும் பெட்ரோலைத் தொடாமல் மலையிறங்கி, கையில் மீதமும் வைத்திருப்பது இலாபந்தானே!

இங்கே மலைவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கியா பார்மில் இரவு முழுவதும் பேட்டரியை நிரப்பிவிட்டு, விடிந்ததும் நேரே மலையிறங்கினால், வரும் மின்சாரத்தைச் சேர்க்க இடமிராது. மோட்டார் வண்டியைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். எனவே நெடும் இறக்கத்திற்குமுன் பேட்டரியில் சிறிது இடம் விடுவதும், தாழ்ந்த கியரில் இறங்குவதும், பிரேக்கை இடைவிடாது அழுத்தாதிருப்பதும் செலவுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

யாருக்கு இலாபம்?

கியா பார்மில் வாழ்ந்து, தானா ராத்தாவில் பணிபுரிபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகவர அவருக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவு. இரவில் செருகி வைத்தால் பெட்ரோல் நிலையத்தையே மறந்திருக்கலாம். விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தை வரை கார்கள் எறும்புபோல் ஊரும்போது, மற்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே எண்ணெய் எரிக்க, இவர் வண்டி அமைதியாக நிற்கும். மின்சாரத்தை இத்தகைய நெரிசலுக்கென்று சேமித்து வைப்பதே அறிவுடைமை.

செருக வசதியின்றி அடிக்கடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் செல்பவருக்கோ, அதே கார் எடை மிகுந்த பெட்ரோல் வண்டியே ஆகும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட், யூனிட் 40 காசு என்று கொண்டால் 8 வெள்ளி ஆகிறது. 7 லிட்டர் பெட்ரோல், 2025 செப்டம்பர் 30இல் தொடங்கிய உதவித்தொகை விலையான 1 வெள்ளி 99 காசு வீதம், ஏறத்தாழ 14 வெள்ளி ஆகிறது. மிச்சம் 6 வெள்ளி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடினாலும் 60 வெள்ளிதான் மிஞ்சும். பழைய காரின் பேட்டரி பழுதுற்றால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த மிச்சம் ஒரே நாளில் கரைந்துபோகும்.

வாங்குமுன் செய்யத்தக்கவை

முதலாவது, பேட்டரியை முழுதும் நிரப்பச் செய்து, அது எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை நேரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பேட்டரிக்கு உத்தரவாதம் எஞ்சியுள்ளதா என எழுத்தில் கேட்டறிய வேண்டும். மூன்றாவது, நம் வீட்டில் செருகும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். சாதாரண மூன்றுமுனைச் செருகியில் 12 யூனிட் ஏற ஐந்தாறு மணி நேரம் ஆகும். பழைய லயன் வீடுகளின் கம்பிகள் அத்தனை நேரம் அச்சுமையைத் தாங்குமா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரே சொல்ல வேண்டும். நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியே இழுத்துக் காருக்குச் செருகுவது தீயை வீட்டிற்கு அழைப்பதாகும்.

வாங்கியபின், ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருவோமாக. மூன்று மாதம் சென்றபின் அக்குறிப்பேடு சொல்லும் கணக்கே நம் பாதைக்கும் நம் வீட்டிற்கும் உரிய உண்மைக் கணக்கு.