வாலில்லா விமானமும் தெர்மகோல் பெட்டியும்

தில்லிவாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் தேடி அங்கே செல்பவர்கள், மீன்கடைகளின் ஓரத்தில் அடுக்கப்பட்டிருக்கும் வெண்ணிறத் தெர்மகோல் பெட்டிகளையும் கண்டிருப்பர். ஐஸ் கட்டிகளுடன் மீன் வந்திறங்கிய அப்பெட்டிகளின் பொருளைக் கொண்டே ஒரு சிறிய விமானத்தைச் செய்து பறக்கவிட முடியும். உடலும் வாலும் இன்றி, இறக்கை மட்டுமே விமானமாக அமையும் ‘பறக்கும் இறக்கை’யே அதற்கு ஏற்ற வடிவம். கழுவினாலும் வாடை போகாத பெட்டியைவிடக் கடையில் கிடைக்கும் புதிய தெர்மகோல் தகடே வீட்டில் அமைதி காக்க உதவும் என்பது வேறு செய்தி.

செய்வதற்கு எளிது, பறக்க வைப்பதற்கு அரிது. அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் உருவாக்கிய ஒய்.பி.-49 என்னும் வாலில்லாக் குண்டுவீச்சு விமானம் 1947-இல் முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டு ஜூன் 5 அன்று அவற்றுள் ஒன்று சோதனையின்போது நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர். அதே வடிவத்தைக் கணினியின் துணையோடு கட்டுப்படுத்திய பி-2 விமானம் பறந்தது 1989-இல்தான்.

வால் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் சிக்கல் விளங்கும். சாதாரண விமானத்தில் மூக்கு தாழாமலும் நிமிராமலும் பார்த்துக்கொள்வது வால்தான். அது இல்லாதபோது இறக்கையின் பின்விளிம்பே சற்று மேல்நோக்கி வளைந்து அவ்வேலையைச் செய்ய வேண்டும். எடையும் மிகச் சரியான இடத்தில் அமைய வேண்டும். 20 செ.மீ. அகலமுள்ள நேரான இறக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைத் தூக்கும் விசை முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது. எடையின் மையம் அதற்கு 1 முதல் 2 செ.மீ. முன்னால், அதாவது முன்விளிம்பிலிருந்து 3 முதல் 4 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் இக்கணக்கு மாறும். வரைபடத்தில் குறித்துள்ள புள்ளியைப் பின்பற்றுவதே நல்லது. எங்கள் முதல் இறக்கை மூன்று நொடிகூட மிதக்கவில்லை. பேட்டரி ஒரு விரற்கடை பின்னால் இருந்தது, அவ்வளவே.

மோட்டாரும் விசிறியும் பெரும்பாலும் பின்புறத்தில் அமைவதால், அவற்றை ஈடுசெய்யப் பேட்டரி மூக்கருகே செல்கிறது. தெர்மகோலைக் கரைக்கும் பசைகளை விலக்கி, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்த வேண்டும். இறக்கையின் நீளவாக்கில் ஒரு கார்பன் குழாயைப் பதித்தால் அது வளையாது. பின்விளிம்பில் இருபுறமும் அசையும் பலகைகளுக்கு ‘எலிவான்’ என்று பெயர். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் மூக்கு நிமிரும். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழ்ந்தால் விமானம் ஒருபுறம் சாயும்.

ஆட்டோபைலட் கருவியை முதல் நாளே பொருத்திவிட்டால் அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைப்போர் உண்டு. எடை பிசகிய இறக்கையை அக்கருவியாலும் காப்பாற்றுவது கடினம். ஆகவே முதலில் மோட்டாரை இயக்காமல், புல்வெளியில் காற்றை எதிர்நோக்கிக் கையால் மெல்ல வீசிப் பார்க்க வேண்டும். நேராக மிதந்து இறங்கிய பிறகு ரேடியோ கட்டுப்பாட்டில் பறத்தல். தானியங்கிப் பறத்தல் கடைசியில்தான். அதற்கு முன் ஒரு சோதனை இன்றியமையாதது. கருவியைச் சமநிலை காக்கும் நிலையில் வைத்து, விமானத்தின் வலப்புறத்தைக் கையால் உயர்த்துங்கள்; வலப்புற எலிவானும் உயர வேண்டும். மூக்கை உயர்த்துங்கள்; இரு எலிவான்களும் தாழ வேண்டும். மாறாக நடந்தால் கருவி ஒவ்வொரு தவற்றையும் பெரிதாக்கும். விமானம் கையை விட்டகன்ற மறுகணமே குப்புற விழும். செயற்கைக்கோள் வழி இருப்பிடம் உறுதியாகும் முன் பறக்கவிட்டால், ரேடியோ தொடர்பு அறும்போது எங்கே திரும்புவது என்பதும் அதற்குத் தெரியாது.

நம் நாட்டில் இக்கலையின் பெரிய வடிவம் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் உள்ள சோதனைத் தளத்தில் அரங்கேறியது. டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூரு வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்த ஆளில்லாப் பறக்கும் இறக்கை, 2022 ஜூலை 1 அன்று தானாகவே மேலேறி, குறித்த வழியே சென்று, தானாகவே தரையிறங்கியது. சிறிய டர்போஃபேன் எஞ்சின் அதை இயக்கியது. 2023 டிசம்பரில் மேலும் ஒரு சோதனை வெற்றி பெற்றது. ஓடுதளத்தின் ஆயங்கள் துல்லியமாக அளக்கப்பட்டிருந்தால் போதும். தரையில் ரேடார் இன்றியே அது இறங்கும். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து அமைத்த ‘ககன்’ செயற்கைக்கோள் வழிகாட்டல் அதற்கு உதவுகிறது.

இனி, எங்கே பறக்கவிடுவது? மார்க்கெட்டுக்கு அருகிலேயே 1929-இல் தொடங்கிய சஃப்தர்ஜங் விமானத்தளம் இருக்கிறது. தில்லியின் பெரும்பகுதி சிவப்பு மண்டலம். அங்கே மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. எனவே ஊருக்கு வெளியே பச்சை மண்டலத்தைத் தேட வேண்டும். அங்கே 400 அடி உயரம் வரை அனுமதி உண்டு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டலங்களைப் பார்க்கலாம். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்க விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் நானோவுக்கு மட்டுமே மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. மோட்டாரும் பேட்டரியும் கருவியும் பொருத்திய ஒரு மீட்டர் இறக்கை 250 கிராமை எளிதில் தாண்டிவிடும் என்பதால், தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே காப்பீட்டுச் செலவைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என முடிவு செய்யலாம்.