‘நம்ம வீட்டுப் பிள்ளை’க்கும் சம்பளக் கணக்கு வேண்டும்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் நடிகரிடமோ டிவி தொகுப்பாளரிடமோ யூடியூப் பிரபலத்திடமோ பி.ஏ.வாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் வேலை வாய்ப்பேச்சில்தான் தொடங்குகிறது. “நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்” என்பார்கள். பலர் பார்த்துக்கொள்ளவும் செய்வார்கள். பணம் முடங்கி, மனக்கசப்பு வந்து, “நாளையிலிருந்து வராதே” என்னும்போதுதான் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது உறைக்கும்.

நியமனக் கடிதம் கேட்கத் தயக்கமாக இருந்தால் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலையாவது வாங்கிவிடுங்கள். சம்பளம் வங்கி வழியே வரட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மூன்று ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

சம்பள பாக்கியைவிட எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுவது உங்கள் பெயரே. “விளம்பரப் பணம் உன் ஜிபேவுக்கு வரட்டும்” என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். வந்த தொகைக்கு வருமான வரித்துறை கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது கணக்குக்காரரான நீங்கள்தான். முதலாளியின் கடனுக்கு உங்கள் காசோலை போய்த் திரும்பினால் வழக்கு உங்கள் மீது. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. அவர் பணத்தில் உங்கள் பெயரில் இடம் வாங்கி, அது வரியிலிருந்தோ கடன்காரரிடமிருந்தோ தப்பிக்கச் செய்த பினாமி ஏற்பாடு என்று நிரூபணமானால், பெயர் கொடுத்தவருக்கும் 1 முதல் 7 ஆண்டு கடுங்காவல் உண்டு. மறுத்தால் கோபித்துக்கொள்வார்தான். கோபித்துக்கொள்ளட்டும்.

அவருடைய அந்தரங்கப் படங்களையும் உரையாடல்களையும் ‘பாதுகாப்புக்காக’ நகலெடுத்து வைப்பதும் வேண்டாம். உங்கள் மீதே புகாராகத் திரும்பும். வேலை சார்ந்த செய்திகள், பயண டிக்கெட், வங்கிப் பதிவு போதும்.

பெண்கள் அறிய வேண்டியது: பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013 பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமானதல்ல. முதலாளியின் வீடு, கேரவன், வேலைக்காகப் போன வெளியூர் ஓட்டல், அவர் ஏற்பாடு செய்த கார் எல்லாமே பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, குற்றம்சாட்டப்படுபவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரும்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று ஒதுங்க வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது.