சிவகளை இரும்பு: காலக்கணிப்பும் வேதியியற் சான்றும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுகளின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை செல்வதாக 2025 சனவரியில் வெளியான அரசு அறிக்கை தெரிவிக்கிறது. இக்காலம் கரிக்குரியது, இரண்டும் ஒரே மண்ணடுக்குச் சூழலில் இருந்தமையால் இரும்புக்கும் பொருத்தப்படுகிறது.

இரும்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதை உலோகத்தின் வேதியியலே காட்டும். எகிப்தின் கெர்சேயில் கிடைத்த, ஏறத்தாழ பொ.ஆ.மு. 3200ஐச் சேர்ந்த மணிகள் விண்கல் இரும்பாலானவை என்பதற்கு அவற்றின் மிகுதியான நிக்கல் சான்றாயிற்று. தாதுவிலிருந்து உலையில் பிரித்த இரும்பிலோ கசட்டின் நுண்துகள்கள் சிக்கியிருக்கும். துருவேறிய பொருளிலும் அவை எஞ்சக்கூடும்.

எனவே அரசு நிதியில் நிகழும் ஆய்வுகளில் காலக்கணிப்புக்கு இணையாக நிக்கல், கசட்டுப் பகுப்பாய்வுகளும் இடம்பெறல் வேண்டும். தொன்மையோடு தொழில்நுட்பமும் அப்போதே நிறுவப்படும்.