கிரிக்கெட் மட்டை
வில்லோ மரம், பிரம்பு, நூல்
இங்கிலாந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி

சுமார் 160 கிராம் எடையுள்ள தோல் பந்தை ஆயிரக்கணக்கான முறை தாங்க வேண்டியது இந்தப் பலகை. அதற்கு மிகக் கடினமான மரமே ஏற்றது என்று தோன்றும். ஆனால் வில்லோ எடை குறைந்த, மிருதுவான மரம். அடி விழும்போது அதன் நார்கள் எளிதில் பிளப்பதில்லை; சற்றே அமுங்கிக் கொடுக்கின்றன.

மட்டை செய்பவர்கள் பலகையின் முகத்தை உருளைகளால் அழுத்தி இறுக்குவார்கள். மீதி வேலை வாங்கியவருடையது. ஆளிவிதை எண்ணெய் பூசி, கொட்டாப்புளியால் முகத்தையும் ஓரங்களையும் பல மணி நேரம் தட்டிப் பழக்க வேண்டும். பொறுமையில்லாதவரின் மட்டை புதுப்பந்தில் சீக்கிரமே விரிசல் காணும்.

முகத்தில் தெரியும் நேர்வரிகள் மரத்தின் ஆண்டு வளையங்கள். நெருங்கிய வரிகள் கொண்ட மட்டை பொதுவாக விரைவில் பழகும், விரைவில் உடையவும் செய்யும்.

தொடக்ககால மட்டைகள் ஒரே மரத்துண்டால் ஆனவை. ஒவ்வோர் அடியின் அதிர்வும் நேரே கைக்கு வந்தது. பிரம்புக் கைப்பிடியை ஆப்பு வடிவில் பலகைக்குள் செருகி ஒட்டும் முறை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரம்பு வளைந்து அதிர்வைக் குறைக்கிறது.

கீழ் நுனியே பலவீனமான இடம். ஈரத் தரையில் ஊன்றுவதால் அது உப்பும். காலடியில் விழும் யார்க்கர் பந்து அதைப் பிளக்கும். பிளந்த பலகையை ஒட்டி, நூல் சுற்றி மீண்டும் ஆடினார்கள்.

1979இல் பெர்த் மைதானத்தில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் இறங்கினார். அதன்பின் பலகை மரத்தாலேயே இருக்க வேண்டும் என விதி திருத்தப்பட்டது.